சன்சத் டிவி: உரைகளை விடுத்து விதிகளைப் பார்ப்பவருக்கு எவ்வளவு பயன்?

மக்களவைத் தொலைக்காட்சியும் மாநிலங்களவைத் தொலைக்காட்சியும் இணைக்கப்பட்டு 2021 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட சன்சத் டிவியைப் பெரும்பாலானோர் நேரடியாகப் பார்ப்பதில்லை; அதிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டு வாட்ஸ்அப்பில் வந்து சேரும் இரண்டு நிமிடத் துண்டுகளைத்தான் பார்க்கிறார்கள். அந்தத் துண்டில் ஓர் உறுப்பினர் ஆவேசமாகப் பேசுவார், அவருடைய கட்சியினர் மேசையைத் தட்டுவார்கள், அத்துடன் காட்சி முடிந்துவிடும். ஆனால் அந்தப் பேச்சு எந்த விதியின் கீழ் அனுமதிக்கப்பட்டது, அதன் முடிவில் வாக்கெடுப்பு உண்டா, வாக்கெடுப்பு குரலால் நடந்ததா தலைகளை எண்ணி நடந்ததா என்பவையே ஒரு கட்சியின் செல்வாக்கைக் கூட்டவும் குறைக்கவும் செய்கின்றன. கூட்டத்தொடர் நடக்கும் நாட்களில் இந்த அலைவரிசையையும் இதன் துணையாகிய சன்சத்.இன் இணையத்தளத்தையும் தொடர்ந்து பயன்படுத்துகிறவன் என்ற முறையில், விதிகளின் ஆட்டத்தைப் புரிந்துகொள்ள விரும்பும் ஒருவருக்கு இந்தச் சேவை எவ்வளவு உதவும் என்பதை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன்.

என் தீர்ப்பை முன்கூட்டியே சொல்லிவிடலாம். தொலைக்காட்சி பாதியைத்தான் காட்டுகிறது. மறுபாதி இணையத்தளத்தில் பிடிஎஃப் கோப்புகளாகக் கிடக்கிறது. இரண்டையும் ஒருசேரத் திறந்துவைத்துக்கொண்டு பார்ப்பவருக்கு இதற்கு இணையான இலவசச் சேவை இந்தியாவில் வேறில்லை. ஒன்றை மட்டும் பார்ப்பவருக்கு ஆளுங்கட்சி எதிர்க்கட்சி மீதும், எதிர்க்கட்சி ஆளுங்கட்சி மீதும் வீசும் குற்றச்சாட்டுகள்தான் மிஞ்சும்.

முதலில் சேவையின் அமைப்பு. கூட்டத்தொடரின்போது ஓர் அலைவரிசை மக்களவையையும் மற்றொன்று மாநிலங்களவையையும் நேரலையில் தருகின்றன. டிடிஹெச், கேபிள் இணைப்புகளில் மட்டுமன்றி யூடியூபிலும் காணலாம், கட்டணம் எதுவும் இல்லை. மக்களவையில் காலை 11 மணிக்குக் கேள்வி நேரமும் 12 மணிக்கு, உறுப்பினர்கள் அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் நேரமில்லா நேரமும் வருகின்றன. மாநிலங்களவையில் இந்த வரிசை தலைகீழ். இணையத்தளத்தில் அன்றைய அலுவல் பட்டியல், கேள்விகளும் பதில்களும், மசோதாக்களின் அறிமுக வடிவமும் நிறைவேறிய வடிவமும், அவை அறிவிக்கைகள், விவாதங்களின் எழுத்துப் பதிவு ஆகியவை கிடைக்கின்றன. கூட்டத்தொடர் இல்லாத மாதங்களில் ஒளிபரப்பாகும் நேர்காணல்களையும் கலந்துரையாடல்களையும் பற்றிச் சொல்ல என்னிடம் பெரிதாக எதுவும் இல்லை; அவற்றைப் பார்க்காவிட்டாலும் குறையொன்றும் வந்துவிடாது.

பார்வையாளர் முதலில் பழகிக்கொள்ள வேண்டியது அலுவல் பட்டியலை. அவையில் எது பேசப்படும் என்பதைத் தீர்மானிப்பதே அதிகாரத்தின் முதல் படி என்பது அதைக் கையில் வைத்துக்கொண்டு நேரலையைப் பார்க்கும்போது உடனே விளங்கும். ஒரே விஷயத்தை மக்களவையில் 193ஆவது விதியின் கீழும் விவாதிக்கலாம், 184ஆவது விதியின் கீழும் விவாதிக்கலாம். முன்னதன் முடிவில் வாக்கெடுப்பு இல்லை, பின்னதில் உண்டு. வெளியே இருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரி நான்கைந்து மணி நேரப் பேச்சாகத்தான் தோன்றும். கட்சிகளுக்கோ அந்த எண்ணின் வேறுபாடே எல்லாம். 2012 குளிர்காலக் கூட்டத்தொடரில் சில்லறை வணிகத்தில் அந்நிய நேரடி முதலீடு குறித்த விவாதத்தை 184ஆவது விதியின் கீழ்தான் நடத்த வேண்டும் என்று பாஜக உள்ளிட்ட எதிர்க்கட்சிகள் அவையை முடக்கிய காரணமும் அதுதான். பேசுவதற்கு அரசு தயாராகவே இருந்தது, எண்ணுவதற்குத்தான் தயங்கியது. இறுதியில் அரசு இறங்கி வந்தது. டிசம்பர் 5 அன்று நடந்த வாக்கெடுப்பில், அந்நிய முதலீட்டை எதிர்த்த தீர்மானத்திற்கு ஆதரவாக 218 வாக்குகளும் எதிராக 253 வாக்குகளும் விழுந்தன, அரசு தப்பித்தது. ஆனால் அந்த எண்களுக்குள்தான் சுவையான கணக்கு இருக்கிறது. அந்நிய முதலீட்டை எதிர்ப்பதாகப் பேசிய சமாஜ்வாதியும் பகுஜன் சமாஜும் வாக்களிக்காமல் வெளிநடப்புச் செய்து அரசைக் காப்பாற்றின. கொள்கையளவில் எதிர்ப்பதாக அறிவித்த திமுக, பாஜகவுக்கு வாய்ப்பளிக்கக் கூடாது என்று சொல்லி அரசின் பக்கம் வாக்களித்தது. வெளிநடப்பு என்பது வாசலை நோக்கிய நடை மட்டுமன்று, அதற்கு விலையும் உண்டு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பதிவு வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி நேரத்தைப் பற்றி இந்தச் சேவையைப் பாராட்டியே ஆக வேண்டும். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் குறியிட்ட கேள்விகளும், எழுத்தில் மட்டும் பதில் கிடைக்கும் 230 குறியிடாத கேள்விகளும் பட்டியலிடப்படுகின்றன; மாநிலங்களவையில் 15, 160. குலுக்கலில் பெயர் வருபவருக்கே நட்சத்திரக் கேள்வி வாய்க்கும். அமைச்சர் எழுந்து பதில் சொல்லும் நட்சத்திரக் கேள்விகளில் பாதிகூடப் பெரும்பாலான நாட்களில் அவையில் எட்டப்படுவதில்லை. தொலைக்காட்சியில் துணைக் கேள்விகளின் சாமர்த்தியம் தெரியும். இணையத்தளத்தில் எழுத்துப்பூர்வமான பதில்களின் ஆழம் தெரியும். ஒரு மாவட்டத்தின் ரயில் திட்டத்திற்கு இதுவரை எவ்வளவு செலவானது, ஒரு துறையில் எத்தனை பணியிடங்கள் காலி என்பது போன்ற விவரங்களை அமைச்சகத்தின் வாயிலிருந்து எழுத்தில் வாங்கிவிட்டால், அதன் பிறகு மேடையில் வேறு எண்ணைச் சொல்வது அமைச்சருக்குக் கடினம். அதனால்தான் எதிர்க்கட்சி உறுப்பினர்களில் விவரமறிந்தவர்கள் பேச்சை விடக் கேள்வியையே நம்புகிறார்கள். கேள்வி கேட்கும் உரிமையின் மதிப்பு அதன் மீறலிலும் தெரிந்துவிடுகிறது: பணம் வாங்கிக்கொண்டு கேள்வி எழுப்ப முன்வந்ததாக ஒரு ரகசியக் காணொளிப் பதிவில் சிக்கிய 11 உறுப்பினர்கள் 2005 டிசம்பரில் வெளியேற்றப்பட்டார்கள், கேள்விகளைப் பதிவேற்றும் இணையக் கணக்கின் கடவுச்சொல்லைப் பிறரிடம் பகிர்ந்த விவகாரத்தில் மஹுவா மொய்த்ரா 2023 டிசம்பரில் பதவியிழந்தார். 2020 மழைக்காலக் கூட்டத்தொடரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரமே கைவிடப்பட்டபோது எழுந்த எதிர்ப்பையும் இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

அதே 2020 மழைக்காலக் கூட்டத்தொடரின் செப்டம்பர் 20 அன்றைய மாநிலங்களவைப் பதிவைத்தான், வெட்டப்படாத நேரலைப் பதிவுக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்களிடம் நான் சுட்டிக்காட்டுவேன். அன்று மூன்று வேளாண் மசோதாக்களில் இரண்டு நிறைவேற்றப்பட்டன. துணைத் தலைவர் ஹரிவன்ஷ் இருக்கையில் இருந்தார். மசோதாக்களை உறுப்பினர்கள் விரிவாக ஆராயும் தெரிவுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்ற திருத்தங்களைத் திமுகவின் திருச்சி சிவா, மார்க்சிஸ்ட் கட்சியின் கே.கே. ராகேஷ் உள்ளிட்டோர் கொண்டுவந்திருந்தனர். அவற்றைக் குரல் வாக்கெடுப்பில் தோற்றதாக அறிவித்த துணைத் தலைவரிடம் எதிர்க்கட்சியினர் டிவிஷன் கேட்டனர். டிவிஷன் என்றால் ஒவ்வொரு உறுப்பினரும் எந்தப் பக்கம் என்பது பெயருடன் பதிவாகும். மூன்று நாட்களுக்கு முன்புதான் இந்த மசோதாக்களை எதிர்த்து அகாலி தளத்தின் ஹர்சிம்ரத் கவுர் பாதல் மத்திய அமைச்சர் பதவியை விட்டு விலகியிருந்தார். மதில் மேல் நின்ற மாநிலக் கட்சிகள் விவசாயிகளின் முன்னால் பெயருடன் நிற்க நேர்ந்திருக்கும். டிவிஷன் கேட்டவர்கள் தங்கள் இருக்கையில் இல்லை என்பதே டிவிஷன் மறுக்கப்பட்டதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஆனால் பிற்பகல் 1.10 மணிக்குச் சிவாவும் 1.11 மணிக்கு ராகேஷும் தத்தம் இருக்கையிலிருந்தே கேட்டது மாநிலங்களவைத் தொலைக்காட்சியின் பதிவிலேயே இருக்கிறது என்பதைச் சில நாட்களில் ஆங்கில நாளிதழ் ஒன்று வெளியிட்டது. டிவிஷன் நடத்தக் கோரிக்கை மட்டும் போதாது, அவையில் ஒழுங்கும் நிலவ வேண்டும் என்பது ஹரிவன்ஷ் தரப்பின் விளக்கம். அன்று விதிப்புத்தகம் கிழிக்கப்பட்டதும், உறுப்பினர்கள் மேசை வரை ஏறியதும் உண்மைதான். எது சரி என்பதை வாசகர் முடிவு செய்துகொள்ளலாம். நிமிடக் கணக்கில் அதை விவாதிக்க முடிகிறது என்பதே இந்தச் சேவையின் சாதனை. மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். வேளாண் சட்டங்கள் மூன்றும் 2021 நவம்பர் 29 அன்று இரு அவைகளிலும் விவாதமின்றித் திரும்பப் பெறப்பட்டன; வந்ததும் போனதும் குரலில்தான்.

அதே பதிவில் இந்தச் சேவையின் பலவீனமும் இருக்கிறது. அன்றைய அமளியின் ஒரு பகுதியில் நேரலையில் ஒலி நின்றுவிட்டது. அதற்கு முன்னால் 2014 பிப்ரவரி 18 அன்று தெலங்கானாவைப் பிரிக்கும் மசோதா மக்களவையில் நிறைவேறியபோது நேரலையே இல்லாமல் போனது. தொழில்நுட்பக் கோளாறு என்று அப்போது சொல்லப்பட்டது. அப்போது ஆட்சியில் இருந்தது காங்கிரஸ் கூட்டணி என்பதை நினைவில் கொள்வது நல்லது, ஏனெனில் ஒலிபெருக்கியும் காமிராவும் எப்போதும் இருக்கையில் அமர்ந்திருப்பவரின் பக்கம்தான் சாயும். இருக்கையில் யார் அமர்ந்திருக்கிறார் என்பது மட்டுமே மாறுகிறது. அமளி எழும்போது காமிரா சபாநாயகரின் முகத்திற்குத் திரும்பிவிடுவது பழைய மக்களவைத் தொலைக்காட்சிக் காலத்து வழக்கம். 2023 ஆகஸ்டில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின் மீது ராகுல் காந்தி 37 நிமிடங்கள் பேசியபோது அவரைத் திரையில் காட்டியது அதில் 40 விழுக்காட்டுக்கும் குறைவான நேரமே என்று காங்கிரஸ் கணக்கெடுத்துக் குற்றம் சாட்டியது. மாநிலங்களவையில் நேரமில்லா நேரத்தில் ஓர் உறுப்பினருக்கு மூன்று நிமிடம். முடிந்ததும் ஒலிவாங்கி தானாக அணைந்துவிடும். இவையெல்லாம் அற்பமான தொழில்நுட்பச் சங்கதிகள் போலத் தோன்றினாலும், யாருடைய குரல் பதிவில் ஏறுகிறது என்பதை முடிவு செய்பவை இவைதான்.

அமளியே ஒரு நடைமுறைக் கருவியாகும் விந்தையை 2018 பட்ஜெட் கூட்டத்தொடரின் பதிவுகளில் காணலாம். ஆந்திராவுக்குச் சிறப்பு அந்தஸ்து கோரித் தெலுங்கு தேசமும் ஒய்எஸ்ஆர் காங்கிரஸும் மார்ச் மாத நடுவில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்திற்கு அறிவிப்புக் கொடுத்தன. 198ஆவது விதிப்படி 50 உறுப்பினர்கள் எழுந்து நின்று ஆதரவு காட்டினால் சபாநாயகர் அதை ஏற்க வேண்டும். அதே நாட்களில் காவிரி மேலாண்மை வாரியம் அமைக்கக் கோரி, அப்போது 37 உறுப்பினர்களைக் கொண்டிருந்த அதிமுகவினர் அவையின் மையப்பகுதியில் பதாகைகளுடன் நின்றுகொண்டிருந்தனர். தெலங்கானா ராஷ்டிர சமிதியினர் இட ஒதுக்கீட்டுக்காக நின்றனர். அவை ஒழுங்கில் இல்லாததால் 50 பேரை எண்ண முடியவில்லை என்று சபாநாயகர் சுமித்ரா மகாஜன் நாள்தோறும் ஒத்திவைத்தார். காவிரிக்காக நிற்பது தமிழ்நாட்டு உறுப்பினர்களின் கடமை என்பதில் ஐயமில்லை. உச்ச நீதிமன்றம் பிப்ரவரி 16 அன்று கொடுத்த ஆறு வாரக் கெடு அப்போது ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அந்தப் போராட்டத்தின் பலனாக மத்திய அரசுக்கு ஒரு நம்பிக்கையில்லாத் தீர்மானம் தள்ளிப்போனது என்பதும் அப்பட்டமாகத் தெரிந்தது. இதில் என்னை உறுத்துவது வேறொன்று. ஒரு சில நாட்களுக்கு முன், மார்ச் 14 அன்று, அதேபோன்ற அமளிக்கு நடுவே நிதி மசோதாவும் எல்லா அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகளும் ஏறக்குறைய அரை மணி நேரத்தில் கில்லட்டின் முறையில் விவாதமின்றி நிறைவேறின. தலைகளை எண்ண முடியாத அமளியில் ஒரு நாட்டின் ஆண்டு வரவு செலவை நிறைவேற்ற முடிந்திருக்கிறது. இந்த இரண்டு நாட்களின் பதிவையும் அடுத்தடுத்துப் பார்க்கும் வாய்ப்பு வேறு எந்த ஊடகத்திலும் இல்லை. தள்ளிப்போன தீர்மானம் கடைசியில் ஜூலை 20 அன்று எடுத்துக்கொள்ளப்பட்டு 126க்கு 325 என்று தோற்றது.

தோற்கும் என்று தெரிந்தே ஏன் கொண்டுவருகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு 2023 ஆகஸ்டு 8 முதல் 10 வரையிலான பதிவு விடை தரும். மணிப்பூர் கலவரம் குறித்துப் பிரதமர் அவையில் பேச வேண்டும் என்பது எதிர்க்கட்சிகளின் கோரிக்கை. மாநிலங்களவையில் மற்ற அலுவல்களை நிறுத்திவைக்கும் 267ஆவது விதியின் கீழ் விவாதம் கேட்டார்கள். அரசு 176ஆவது விதியின் கீழான குறுகிய நேர விவாதத்திற்கு மட்டுமே இசைந்தது. அந்தக் கதவு திறக்காததால் மக்களவையில் கௌரவ் கோகோய் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அரசைக் கவிழ்க்கும் எண்ணிக்கை அவர்களிடம் இல்லை. ஆனால் நம்பிக்கையில்லாத் தீர்மானத்திற்குப் பிரதமர் பதிலளித்தே தீர வேண்டும் என்ற மரபு இருந்தது. மோடி இரண்டு மணி நேரத்துக்கும் மேல் பேசினார்; மணிப்பூர் பற்றிய பகுதி வருவதற்கு முன்பே எதிர்க்கட்சிகள் வெளிநடப்புச் செய்துவிட்டதால் அவர்கள் கேட்டு வாங்கிய பதிலை அவர்களே அவையில் இருந்து கேட்கவில்லை என்பது தனிச் சோகம். இதற்கிடையில், தீர்மானம் ஏற்கப்பட்டு விவாதத்திற்குக் காத்திருந்தபோதே டெல்லி அதிகாரிகள் மீதான அதிகாரம் குறித்த மசோதா மக்களவையில் நிறைவேறியது. நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிலுவையில் இருக்கையில் அரசு முக்கிய மசோதாக்களை நிறைவேற்றலாமா என்ற கேள்வியை அலுவல் பட்டியலும் நேரலையும் ஒன்றாகப் பார்த்தவர்களே எழுப்பியிருக்க முடியும்.

காமிராவால் எந்நாளும் காட்ட முடியாத ஒன்றும் இருக்கிறது, அது சபாநாயகரின் கையொப்பம். அரசியல் சாசனத்தின் 110ஆவது பிரிவின்படி ஒரு மசோதா பண மசோதாவா இல்லையா என்பதில் சபாநாயகரின் முடிவே இறுதியானது. பண மசோதா என்றால் மாநிலங்களவையால் அதைத் திருத்தவோ நிராகரிக்கவோ முடியாது, பரிந்துரை மட்டுமே செய்யலாம். 2016 மார்ச்சில் மாநிலங்களவையில் பெரும்பான்மை இல்லாத நிலையில் ஆதார் மசோதாவை அரசு பண மசோதாவாகக் கொண்டுவந்தது. மாநிலங்களவை மார்ச் 16 அன்று ஐந்து திருத்தங்களைப் பரிந்துரைத்தது. அன்றைக்கே மக்களவை ஐந்தையும் தள்ளிவிட்டது. அன்றைய விவாதத்தைக் கேட்டவர் இரு தரப்பின் வாதங்களையும் அறிந்திருப்பார். ஆனால் வாதம் தொடங்குமுன்பே முடிவு எழுதப்பட்டுவிட்டது என்பது மசோதாவின் பிடிஎஃப் கோப்பைத் திறந்து பார்த்தவருக்கே தெரியும். 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மையாக இதை ஏற்றது. மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி சந்திரசூட் இதை அரசியல் சாசனத்தின் மீதான மோசடி என்றார். இத்தகைய இடங்களில் இணையத்தளத்தின் மசோதாத் தேடல் பக்கம் தொலைக்காட்சியை விடப் பல மடங்கு பயனுள்ளது. அறிமுகமான வடிவத்தையும் நிறைவேறிய வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்தக் கட்சி எதை மாற்ற முடிந்தது என்பது ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

வாக்கெடுப்பைக் காட்டுவதில் சன்சத் டிவி தேர்ச்சி பெற்றிருக்கிறது. ஒரே நாடு ஒரே தேர்தலுக்கான அரசியல் சாசனத் திருத்த மசோதாவை 2024 டிசம்பர் 17 அன்று அறிமுகம் செய்ய அனுமதி கோரப்பட்டபோது, எதிர்க்கட்சிகள் அறிமுக நிலையிலேயே டிவிஷன் கேட்டன. புதிய கட்டடத்தில் மின்னணு வாக்கெடுப்பு நடந்தது அதுவே முதல்முறை. பலகையில் முதலில் 220க்கு 149 என்று வந்தது. பிறகு சீட்டுகளில் வாக்களித்தவர்களையும் சேர்த்து எண்ணியபோது 269க்கு 198 ஆனது. அறிமுகத்திற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்பதால் மசோதா உள்ளே வந்துவிட்டது. ஆனால் நிறைவேற்றத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு அரசிடம் இல்லை என்பதை அன்றே நாட்டிற்குக் காட்டிவிடுவதுதான் டிவிஷன் கேட்டதன் நோக்கம், அது நிறைவேறியது. மசோதா கூட்டுக் குழுவுக்குப் போனது.

குழுக்கள் என்ற சொல் வந்துவிட்டதால் ஒரு பெரிய வெற்றிடத்தைச் சொல்ல வேண்டும். நிலைக்குழுக்களின் கூட்டங்கள் ஒளிபரப்பப்படுவதில்லை. அறிக்கைகள் மட்டும் இணையத்தளத்தில் வெளியாகின்றன. மசோதாக்கள் உண்மையில் செதுக்கப்படும் இடம் அதுதான். 15ஆவது மக்களவைக் காலத்தில் 71 விழுக்காடு மசோதாக்கள் குழுக்களுக்கு அனுப்பப்பட்டன, 17ஆவதில் 16 விழுக்காடு என்று பிஆர்எஸ் லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச் நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அந்த நிறுவனத்தின் இணையத்தளத்தை இந்தச் சேவையின் பகுதியாகவே கருதி மூன்றாவது ஜன்னலில் திறந்துவைப்பது என் வழக்கம். மசோதாச் சுருக்கங்களைச் சார்பின்றித் தருவதில் அதை மிஞ்ச ஆளில்லை.

இடைநீக்கங்களைப் பின்தொடர நேரலையை விட அவை அறிவிக்கையே நம்பகமானது. 2023 டிசம்பர் 13 அன்று மக்களவைக்குள் இருவர் குதித்துப் புகை பரப்பிய சம்பவம் குறித்து உள்துறை அமைச்சர் விளக்கம் தர வேண்டும் என்று கோரியவர்களில் இரு அவைகளிலுமாக 146 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டனர். எதிர்வரிசை பெருமளவு காலியாக இருந்தபோதுதான் மூன்று புதிய குற்றவியல் சட்டங்களும் நிறைவேறின. அந்தப் பட்டியலில் சேலம் உறுப்பினர் எஸ்.ஆர். பார்த்திபனின் பெயரும் முதலில் இருந்தது. அவர் அன்று அவைக்கே வரவில்லை என்பது தெரிந்து பின்னர் நீக்கப்பட்டது. எத்தனை நிதானத்துடன் அந்தத் தீர்மானம் தயாரானது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

தமிழ் வாசகர்களுக்கு மொழி ஒரு முக்கியமான கேள்வி. அவைக்குள் உறுப்பினர்களுக்குத் தமிழ் உட்பட பத்து மொழிகளில் உடனடி மொழிபெயர்ப்பு இருந்துவந்தது. 2025 பிப்ரவரியில் சமஸ்கிருதம், உருது, மைதிலி உள்ளிட்ட ஆறு மொழிகள் சேர்க்கப்பட்டபோது, சமஸ்கிருதத்திற்கு ஏன் செலவு என்று தயாநிதி மாறன் ஆட்சேபித்ததும் சபாநாயகர் ஓம் பிர்லா மறுமொழி சொன்னதும் நேரலையில் வந்தன. எழுத்துப் பதிவில் தமிழில் ஆற்றிய உரைகள் ஆங்கில மொழிபெயர்ப்பாக இடம்பெறுகின்றன. கேள்விகளுக்கான பதில்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. ஆகவே இரண்டிலும் பழக்கமில்லாத ஒருவருக்கு இணையத்தளத்தின் சிறந்த பகுதி பூட்டிய அறைதான். நம் சட்டப்பேரவையின் நிலையும் பெருமைப்படும்படி இல்லை: 2022 ஜனவரியில்தான் கேள்வி நேரத்தின் நேரலையே தொடங்கியது, முழு நாள் நடவடிக்கைகளை வெட்டாமல் காட்டச் சொல்லும் கோரிக்கை பல்லாண்டுகளாகத் தொடர்கிறது. அந்த அளவுகோலில் சன்சத் டிவி வெகு தூரம் முன்னே நிற்கிறது.

இந்த அலைவரிசையில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் வெள்ளிக்கிழமை பிற்பகல். அமைச்சரல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் தனிநபர் மசோதாக்களுக்கு ஒதுக்கப்பட்ட அந்த இரண்டரை மணி நேரத்தில் பெரும்பாலான உறுப்பினர்கள் ஊருக்குக் கிளம்பியிருப்பார்கள். பத்திரிகையாளர்களும் இருக்க மாட்டார்கள். 1970க்குப் பிறகு எந்தத் தனிநபர் மசோதாவும் சட்டமானதில்லை என்பதால் அந்த நேரத்தை வீண் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்கள் 2015 ஏப்ரல் 24 அன்றைய மாநிலங்களவைப் பதிவைத் தேடிப் பார்க்க வேண்டும். திருநங்கையர், திருநம்பியரின் உரிமைகளுக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த மசோதாவை, திரும்பப் பெறும்படி அமைச்சர் கேட்டுக்கொண்ட பிறகும் அவர் விடவில்லை. வாக்கெடுப்புக்குப் போவேன் என்று நின்றார். டிவிஷனில் எதிர்த்து வாக்களித்துத் தம் பெயரைப் பதிவு செய்துகொள்ள எந்தக் கட்சிதான் விரும்பும்? மசோதா ஒருமனதாக நிறைவேறியது. மாநிலங்களவையில் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு நிறைவேறிய முதல் தனிநபர் மசோதா அது. மக்களவையில் அது சட்டமாகவில்லை என்றாலும், அரசு தன் சொந்த மசோதாவைக் கொண்டுவர நேர்ந்தது. 2019இல் சட்டமானது அரசின் மசோதா. சிவாவின் வடிவத்தை விட அது பலவீனமானது என்று அந்தச் சமூகத்தினரே வருந்தினார்கள் என்பதும் பதிவு செய்யப்பட வேண்டியது. ஓர் எதிர்க்கட்சி உறுப்பினர் விதிப்புத்தகத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெரும்பான்மை அரசின் நிகழ்ச்சி நிரலில் ஒரு வரியைச் சேர்க்க முடிந்தது.

புதிதாகத் தொடங்குபவர்கள் அந்தப் பதிவில் தொடங்கலாம். அதன் பிறகு அடுத்த கூட்டத்தொடரின் ஒரு சாதாரண நாளைத் தேர்ந்தெடுத்து, காலை 11 மணிக்கு முன் அலுவல் பட்டியலைப் பதிவிறக்கி, பட்டியலில் இருந்து அவையில் எடுக்கப்படாமல் போனவற்றைப் பேனாவால் குறித்துக்கொண்டே வந்தால் போதும். உரைகளைக் கேட்கத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. அவை எப்படியும் மாலைக்குள் வாட்ஸ்அப்பில் வந்துவிடும்.